குத்துக்கால்

பொறியியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்ற வினா நம்மிடையே நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினார்கள். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. அன்று முதல் இன்று வரை விவாதம் இரு கட்சிகளாகவே நடக்கிறது. தமிழில் எல்லாம் முடியும், சொல் இல்லையென்றால் படைத்துக்கொள்வோம் என்பது ஒரு கட்சி. உலகமே ஆங்கிலத்தில் பேசும்போது இந்த வீண்வேலை எதற்கு என்பது மற்றது. இரு கட்சியாரும் தம் வாழ்நாளில் ஒரு தண்டவாளத்தின் ஓரமாக ஒரு மைல் தூரமாவது நடந்திருப்பார்களா என்பது என் ஐயம்.

எனக்கு அந்த நடை வாய்த்தது. என் தந்தையார் ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். மாயவரம் – திருவாரூர் மீட்டர்கேஜ் பாதையில் அவருக்கென்று ஐந்தாறு கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருந்தது. விடியலில் சுத்தியலும் ஸ்பானரும் சிவப்பு, பச்சைக் கொடிகளும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். கீமேன் என்றால் ஏதோ ஒரு பெட்டகத்தின் சாவியைக் கையில் வைத்திருக்கும் உத்தியோகம் என்று எங்கள் உறவினர் பலர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தனர். உண்மையில் அந்தக் ‘கீ’ சாவியன்று. தண்டவாளத்தை அதன் இருக்கையில் அசையாமல் இறுக்கி வைக்கும் ஆப்பு. தளர்ந்த ஆப்பைத் தட்டி இறுக்குவதுதான் அப்பாவின் வேலை. ஆங்கிலச் சொல்லை மட்டும் கேட்டவர்கள் சாவியைக் கண்டார்கள். பொருளைக் கண்டவர்கள் ஆப்பு என்றார்கள். கலைச்சொல்லாக்கம் பற்றி நான் பின்னர் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் சொல்லவில்லை.

2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரு பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அதையொட்டி, எங்கள் ஊருக்கு அருகிலிருந்த ஒரு கல்லூரியின் ஆசிரியர் சிலர் தம் வகுப்புக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டு, மொழி பார்த்துத் தரும்படி என்னிடம் வந்தார்கள். சாலை, ரயில்பாதை, எஃகுக் கட்டமைப்பு ஆகிய மூன்று பாடங்களின் அடிப்படைச் சொற்கள். முந்நூறு பக்கம் இருக்கும். ஒற்றுப்பிழை திருத்தித் தந்தால் போதும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஸ்லீப்பர் என்பது ‘உறங்கி’ ஆகியிருந்தது. தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ்பிளேட், ‘மீன்தகடு’. ஐ வடிவ உத்திரத்தின் நடுத்தகட்டை ஆங்கிலத்தில் வெப் என்பார்கள்; அது ‘வலை’. டெட் லோடு ‘இறந்த சுமை’, லைவ் லோடு ‘உயிருள்ள சுமை’. பர்மனென்ட் வே என்பதை ‘நிரந்தர வழி’ என்று எழுதி அதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருந்தார்கள். தலைப்பை மட்டும் பார்த்தால் சைவ சித்தாந்த வகுப்புக் குறிப்போ என்று தோன்றும். அந்த ஆசிரியர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் நாற்பது வயதுக்கு மேல், ஊதியமேதும் கூடாமல், இரவுகளில் உட்கார்ந்து எழுதியவர்கள். ஆனால் அவர்கள் பெயர்த்தது சொல்லை. பொருள் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது.

ஃபிஷ்பிளேட்டில் மீன் இல்லை. பாய்மரத்தில் விரிசல் கண்டால் அதன் பக்கவாட்டில் ஒரு மரப்பட்டையை வைத்துக் கட்டுவது மாலுமிகளின் வழக்கம். அப்பட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் அது. 1847இல் வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் இரு தண்டவாள முனைகளை அதே முறையில் பட்டைவைத்து முடுக்கலாம் என்று காப்புரிமை பெற்றபோது மாலுமிச் சொல்லும் கூடவே வந்தது. ‘இணைப்புப் பட்டை’ என்றால் தீர்ந்தது. பர்மனென்ட் வே என்பதற்கும் ஒரு கதை உண்டு. பாதை போடும் ஒப்பந்தக்காரர்கள் முதலில் மண்ணும் கல்லும் ஏற்றிச் செல்ல ஒரு தற்காலிகப் பாதை இடுவார்கள். கரை எழும்பி முடிந்ததும் அதைப் பெயர்த்துவிட்டு நிலையான பாதையைப் போடுவார்கள். தற்காலிகம் மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. அதற்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்த நிரந்தரம் மட்டும் நிலைத்துவிட்டது. அப்பாவும் அவருடைய கேங்கும் அதை ‘லைன்’ என்றார்கள். ஸ்லீப்பர் எங்கள் ஊரில் ‘சிலிப்பர் கட்டை’. கழித்துவிட்ட சிலிப்பர் கட்டைகள் வாய்க்காலுக்குப் பாலமாகவும் மாட்டுக்கொட்டகைக்குத் தூணாகவும் ஊரெங்கும் கிடந்தன. ஒரு சொல் மாட்டுக்கொட்டகை வரை வந்துவிட்ட பிறகு அதை அயற்சொல் என்று விலக்க எனக்கு மனம் வருவதில்லை.

சாலைப் பாடத்தில் வேறொரு சிக்கல். அங்கே தமிழ்ச்சொற்கள் ஏற்கெனவே ஏராளமாக இருந்தன. குறிப்பு எழுதியவர்களுக்குத்தான் அவை நினைவுக்கு வரவில்லை. மழைநீர் தேங்காமல் வடிய, சாலையின் நடுவை மேடாக்கி இருபுறமும் சிறு சரிவு கொடுப்பார்கள். தார்ச்சாலைக்கு நூற்றுக்கு இரண்டு என்ற அளவில், மண்சாலைக்கு மூன்று நான்கு வரை. இதற்குக் குறிப்பில் ‘குறுக்குவெட்டுக் கூன்வளைவு’ என்று இருந்தது. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் ‘வாட்டம்’ என்பார். தளத்துக்கு வாட்டம், குளியலறைக்கு வாட்டம், மொட்டைமாடிக்கு வாட்டம். முகவாட்டத்தை மட்டுமே அறிந்த என் போன்ற இலக்கியக்காரனுக்கு அச்சொல் ஒரு பரிசு போலக் கிடைத்தது. தளர்ந்து சாய்வதுதானே இரண்டிலும் பொருள்! அவ்வாறே மண்ணை இடித்து இறுக்கும் கட்டைக்குத் ‘திமிசு’, மட்டம் பார்க்கும் கருவிக்கு ‘ரசமட்டம்’, சுவரின் நேர்நிலை பார்ப்பதற்குத் ‘தூக்குக்குண்டு’, மூலை பார்ப்பதற்கு ‘மூலைமட்டம்’. இவற்றுள் ஒன்றுகூட முந்நூறு பக்கத்தில் இல்லை.

சிறுபாலத்தைக் குறிக்கும் கல்வெர்ட் என்ற சொல்லைச் சாலைப் பணியாளர்கள் ‘கல்வெட்டு’ என்றே சொல்வார்கள். மிகச் சாதாரணமாக, ‘அந்த மூணாவது கல்வெட்டு அடைச்சிருக்கு’ என்பார்கள். தமிழ் முதுகலை படித்தவனுக்கு இதைக் கேட்கும்போது ஒரு கணம் திகைப்பு ஏற்படத்தான் செய்யும். ஆறு மீட்டர் நீளம் வரை கல்வெர்ட், அதற்கு மேல் அறுபது மீட்டர் வரை சிறுபாலம், அதையும் தாண்டினால் பெரும்பாலம் என்பது நம் சாலைத்துறை வரையறை. ‘மதகு’ என்று எழுதலாமா என்று கேட்டார் ஓர் ஆசிரியர். டெல்டாக்காரனுக்கு மதகு என்றால் நீரைத் திறந்து மூடும் பலகை வேண்டும். கல்வெர்ட்டில் நீர் தன் போக்கில் போகும். அதைத் தடுக்க ஒருவருக்கும் உரிமையில்லை. எனவே ‘நீர்ப்போக்குப் பாலம்’ என்று எழுதினோம். நீளமான சொல்தான், ஆனாலும் தவறு சொல்லாது.

இந்த இடத்தில் உண்மையான கல்வெட்டு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் தொலைவுக்கல் கிடைத்திருக்கிறது. நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அதில் எழுதியிருக்கிறது. அதோடு, எழுத்தறியாத வழிப்போக்கரும் அறியும்படி இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறு குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்து, சிறு குழி ஒன்று. தாவளம் என்பது வணிகச் சாத்துகள் தங்கும் இடம். ஒரே கல்லில் படித்தவனுக்கு ஒரு மொழியும் படிக்காதவனுக்கு ஒரு மொழியும் வைத்தவன், கலைச்சொல் குழுக்களில் உட்காரத் தகுதியுடையவன்.

ஜல்லியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் கல்லை நாளிதழ்கள் ‘சரளைக் கற்கள்’ என்று எழுதுகின்றன. குறிப்பிலும் அப்படியே இருந்தது. அப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சரளை உருண்டையானது, காலடியில் உருளும். ரயில்பாதைக்கு வேண்டியது உடைத்த கருங்கல். முனையும் விளிம்பும் உள்ள ஜல்லி. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லௌடன் மெக்காடம் இருநூறு ஆண்டுகளுக்கு முன் சாலைகளுக்குக் கண்டு சொன்ன உண்மைதான் இது. கோணல்மாணலாக உடைந்த சிறு கற்கள் ஒன்றன் இடுக்கில் ஒன்று பற்றிக்கொள்ளும். மேலே வண்டி ஓட ஓட இறுகும். ஆற்றுக் கூழாங்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒன்றையொன்று பற்றாது. நம் கப்பிச் சாலைகள் எல்லாம் அவர் வழி வந்தவையே. ஜல்லியிலும் முக்கால், ஒன்றரை என்று அங்குலக் கணக்கில் பெயரிட்டு இன்றும் விற்கிறார்கள். நாட்டில் மெட்ரிக் முறை வந்து அறுபதாண்டு கடந்தும் கல்லுக்கு அது எட்டவில்லை. ரயில்பாதையில் இடுவது அதையும்விடப் பெரிது. அறுபத்தைந்து மில்லிமீட்டர் வரை இருக்கும். கட்டைக்கு அடியில் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்புவார்கள். சரளை என்று எழுதுவதால் மொழிக்கு ஒன்றும் நேராது. ஆனால் படிக்கும் மாணவன் உருண்டைக் கல்லை மனத்தில் கண்டால் பாடம் முழுவதும் பிசகிவிடும்.

அது எவ்வளவு பெரிய பிசகு என்பதைக் காட்ட, படைக்கப்பட்ட கலைச்சொற்களில் என் மதிப்புக்குரிய இரண்டைத் துணைக்கு அழைக்கிறேன். தகைவு, திரிபு. பள்ளி இயற்பியல் நூல்களில் இவற்றைப் படித்திருப்பீர்கள். ஒரு பொருளின் உள்ளே, ஒரு சதுர அலகில் எழும் எதிர்விசை தகைவு. அதனால் அப்பொருளின் வடிவில் ஏற்படும் மாற்றத்தின் விகிதம் திரிபு. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரத்தை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவன் நான். அழுத்தம் நேரும் இடத்தில் எழுத்துத் திரிவதும் இரும்பு திரிவதும் ஒரே வினையடியில் அடங்குவதைக் கண்டபோது, அச்சொல்லைத் தேர்ந்தவர் இலக்கணம் அறிந்த பொறியாளரா, பொறியியல் அறிந்த புலவரா என்று வியந்தேன். இங்கே தொழிலாளியின் சொல் உதவாது. தகைவைக் கண்ணால் காண இயலாது. காணாத ஒன்றுக்குப் பணியிடத்தில் பெயர் பிறப்பதில்லை. சொல்லைப் படைத்தே ஆகவேண்டிய இடம் இது.

எஃகு, ஒரு பாகை வெப்பம் கூடினால் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு நீளும். பதின்மூன்று மீட்டர் தண்டவாளம் ஒன்று விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே முப்பது பாகை சூடேறினால் ஏறத்தாழ நாலேமுக்கால் மில்லிமீட்டர் நீளும். பழைய பாதைகளில் இணைப்புக்கு இணைப்பு விட்டிருந்த சிறு இடைவெளி இதற்காகத்தான். தண்டவாளம் அந்த இடைவெளிக்குள் நீண்டுகொள்ளும். உள்ளே விசை எழாது. திரிபு உண்டு, தகைவு இல்லை. நம் தலைமுறை ரயிலோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த ‘தடக் தடக்’ ஓசை அந்த இடைவெளிகளின் ஓசை.

அப்பா பணியின் கடைசி ஆண்டுகளில் திருச்சிப் பக்கம் அகலப்பாதைக்கு மாற்றப்பட்டார். அங்கே தண்டவாளங்களைப் பற்றவைத்து, கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாக்கிவிட்டிருந்தார்கள். இடைவெளி இல்லை, ஓசையும் இல்லை. ஆனால் வெயில் இருக்கிறதே! நீள இடமில்லாத தண்டவாளம் என்ன செய்யும்? நடுப்பகுதியில் அது சிறிதும் நீள்வதில்லை. திரிபு இல்லை, அத்தனையும் தகைவாக உள்ளே தங்குகிறது. கணக்கிட்டால் முப்பது பாகைக்குச் சதுர மில்லிமீட்டருக்கு எழுபத்திரண்டு நியூட்டன். மீட்டருக்கு அறுபது கிலோ எடையுள்ள இன்றைய தண்டவாளத்தில் இது ஏறத்தாழ ஐம்பத்தைந்து டன் விசை. இரண்டு தண்டவாளத்துக்கு நூற்றுப்பத்து டன். மேலே வண்டி எதுவும் ஓடாமல், ஊரே உறங்கும் மதியத்தில், பாதை தனக்குள் இவ்வளவு விசையை அடக்கிக்கொண்டு கிடக்கிறது. அது பக்கவாட்டில் பாம்புபோல் நெளிந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது சிலிப்பர் கட்டைகளும் அவற்றைச் சுற்றி ஒன்றையொன்று பற்றிக்கிடக்கும் ஜல்லியும்தான். சரளை என்று ஏன் எழுதக்கூடாது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

‘இந்த லைனுக்கு நடுவுல மூச்சே இல்ல. கடைசியில மட்டும்தான் மூச்சு விடுது’ என்று அப்பா ஒருமுறை சொன்னார். பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்த முந்நூறு பக்கத்தில் ‘சுவாச நீளம்’ என்ற தொடரைக் கண்டு துணுக்குற்றேன். பற்றவைத்த பாதையின் இரு முனைகளிலும் நூறு மீட்டர் அளவுக்குத் தண்டவாளம் நீண்டு சுருங்கும் பகுதிக்கு ஆங்கிலப் பொறியாளர்கள் இட்ட பெயரும் அதுவேதான். அப்பா சொன்னது அவராகக் கண்டதா, யாரோ ஓர் இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து கேட்டதா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அவர் வாயில் அது தமிழாக இருந்தது. ‘சுவாச நீளம்’ என்பதை அடித்துவிட்டு ‘மூச்சுவிடும் பகுதி’ என்று எழுதினேன். அந்த ஒரு திருத்தத்துக்கு ஆசிரியர்கள் எதிர்ப்புச் சொல்லவில்லை.

மார்கழி அதிகாலைகள் கீமேன்களுக்குப் பொல்லாதவை. குளிரில் சுருங்க முயலும் தண்டவாளத்தை இணைப்புகள் விடாமல் பிடித்தால் இழுவிசை ஏறும். எங்கோ உள்ளே மறைந்திருந்த குறை வாய் திறக்கும். அப்பாவின் சொற்களஞ்சியத்தில் இதற்கு மூன்று படிகள் இருந்தன. நகம் வைத்தால் மட்டும் தெரிவது கீறல். கண்ணுக்குத் தெரிவது வெடிப்பு. இரண்டாகப் பிரிந்துவிட்டால் முறிவு. கீறலுக்கு அடையாளமிட்டு மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும். முறிவென்றால் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மீட்டர்கேஜில் நானூறு மீட்டரில் ஒரு வெடி, எண்ணூறு மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி என்று தண்டவாளத்தின் மீது பொருத்த வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து டிரைவரை எச்சரிக்கும். அப்பா தம் பணிக்காலத்தில் இருமுறை அப்படி ஓடியிருக்கிறார். இரண்டு தடவையும் வண்டி நின்றது. குறிப்பில் இம்மூன்று நிலைக்கும் ‘விரிசல்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அப்பாவின் மூன்று சொற்களை நான் சேர்க்கச் சொன்னபோது, ‘கொச்சையாக இருக்கிறதே’ என்றார் ஒருவர். ஓடுவதா நடப்பதா என்று தீர்மானிக்க உதவும் சொல்லில் கொச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அங்கு மட்டும் என் குரல் சற்று உயர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இந்தத் தாள்களைக் காட்டியிருந்தேன். அங்கே சிவில் என்பது ‘குடிசார் பொறியியல்’, ரயில் ‘புகையிரதம்’, நாம் ரயில்வே கேட் என்பதை அவர்கள் ‘புகையிரதக் கடவை’ என்கிறார்கள். புகை ஒழிந்து டீசல் வந்து எத்தனையோ ஆண்டு கழிந்தும் புகையிரதம் போகவில்லை. அது பற்றி நண்பரைச் சீண்டினேன். ஆனால் கடவை என்ற சொல்லின் மீது எனக்குப் பொறாமை. கடத்தற்குரிய இடம், அவ்வளவுதான். இரண்டே நிமிடத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். அதை எடுத்துக்கொண்டோம்.

இனி எஃகுக் கட்டமைப்பு. இப்பாடத்துக்கு வந்தபோது என்னை ஒருநாள் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். முப்பது மாணவர்கள், பெரும்பாலோர் கிராமத்துப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். அன்றைய பாடம் ட்ரஸ். முக்கோணங்களாகப் பின்னிய கூரைச்சட்டகம். குறிப்பில் ‘தாங்குசட்டகம்’ என்றும் அதன் உறுப்புகளுக்கு ‘மேல்நாண்’, ‘கீழ்நாண்’, ‘செங்குத்து உறுப்பு’ என்றும் இருந்தன. ஆசிரியர் நல்லவர், நிதானமாக விளக்கினார். முப்பது முகங்களிலும் ஒன்றும் ஏறவில்லை. கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அவன் தந்தை ஓட்டுக்கூரை வேலை செய்யும் தச்சர் என்பது பிறகு தெரிந்தது.

‘ஐயா, இது ஓட்டு வீட்டு மோடுதானுங்களே? கீழ படுத்திருக்கறது விட்டம். நடுவுல நிக்கறது குத்துக்கால். ரெண்டு பக்கமும் சாயறது கைமரம். உச்சியில முகட்டுவளை. முட்டுக்கொடுத்திருக்கறது முட்டு.’

வகுப்பு ஒரு கணத்தில் விழித்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு பேர் தத்தம் வீட்டுக் கூரையைப் பற்றி ஒரே நேரத்தில் பேசினார்கள். நானும் மகிழ்ந்தேன், இதோ, தேடிய சொற்கள் கடைசி வரிசையிலேயே இருந்தனவே என்று. கட்டுரையை இங்கே முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

ஆனால் ஆசிரியர் கரும்பலகையில் அம்புக்குறி இடத் தொடங்கினார். கைமரம் அமுக்குவிசைக்கு ஆட்படுகிறது, முட்டும் அப்படியே, விட்டம் இழுவிசைக்கு. ‘இந்த நடு உறுப்பு?’ என்று கேட்டார். ‘அமுக்குவிசைங்கய்யா, கால்தானே, நிக்குதில்ல’ என்றான் பையன். ஆசிரியர் தலையசைத்தார். தச்சர் கட்டும் ஓட்டுக்கூரையில் அவன் சொன்னது முற்றிலும் சரி. முகட்டின் பாரம் குத்துக்காலில் இறங்கி, குத்துக்கால் விட்டத்தின் மேல் நின்று அதை வளைக்கப் பார்க்கிறது. அதனால்தான் அக்காலத்து விட்டங்கள் அவ்வளவு பருமன். ட்ரஸ்ஸில் கதை தலைகீழ். இரு கைமரங்களும் உச்சியில் ஒன்றையொன்று முட்டிப் பிடித்து நிற்க, நடு உறுப்பு அங்கிருந்து தொங்குகிறது. தொங்கிக்கொண்டு விட்டத்தின் நடுவைத் தூக்கிப் பிடிக்கிறது. சாய்ந்த முட்டுகளும் அதன் அடியைத்தான் மிதித்துக் கீழே இழுக்கின்றன. பார்க்கக் கால், செய்வது கயிற்றின் வேலை. அந்த இடத்தில் தூண் வேண்டியதில்லை, மெல்லிய இரும்புக் கம்பி போதும்.

பையன் சற்று நேரம் நின்றான். ‘அப்ப அது கால் இல்லீங்களா?’ என்றான். ஆங்கிலத்திலும் அதற்குக் கிங் போஸ்ட் என்றே பெயர், அவர்களும் அதை நிற்பதாகவே நினைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியர் ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. பழகிய சொல் பாடத்தின் வாசல்வரை அவனைக் கைப்பிடித்து அழைத்து வந்தது. வாசலைத் தாண்டியதும் அதே சொல் தவறான பக்கம் இழுத்தது. ‘செங்குத்து உறுப்பு’ என்ற உப்புச்சப்பில்லாத குழுச்சொல் அவனை எங்கும் அழைத்துச் செல்லாது. தவறான இடத்துக்கும் இழுக்காது. அன்று மாலை ஆசிரியரும் நானும் இதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். குத்துக்கால் என்றே எழுதி, அது தொங்குகிறது என்று படம் போட்டுக் காட்டிவிடுவது என முடிவு செய்தோம். சொல்லின் குறையைச் சொல்லால் நீக்க முடியாத இடத்தில் படம் நீக்கட்டும்.

அந்தப் பையன் நான்கு ஆண்டில் தேறினான், நல்ல மதிப்பெண். பிறகு ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டார்கள். பர்லின் என்றால் என்ன என்ற கேள்விக்கு அவனுக்கு விடை தெரியும். கைமரத்தின் குறுக்கே ஓடி ஓட்டையோ தகரத்தையோ தாங்குவது என்று தமிழில் சொல்லியிருப்பான். ஆங்கிலத்தில் வாய் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படித் திரும்பியவர்கள் அந்த வகுப்பில் அவன் ஒருவன் மட்டுமல்லன். தமிழ்வழிக் கல்வி பற்றி மேடையில் முழங்குவோர் யாரும் இந்த நேர்காணல் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததில்லை. பாடநூலைத் தமிழில் தந்துவிட்டு வேலைவாய்ப்பை ஆங்கிலத்தில் வைத்திருப்பது, பாலத்தின் ஒரு கரையை மட்டும் கட்டுவது. இதில் நானும் சொல் தேடிக்கொடுத்துக் கூலி வாங்காத ஒரு சித்தாள்.

இப்போது அவர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் தொழிற்கூட எஃகுக்கூரை எழுப்பும் பணியில் மேற்பார்வையாளர். ‘அவர்’ என்று எழுத வேண்டிய வயது வந்துவிட்டது. அவ்வப்போது தொலைபேசியில் அழைப்பார். அவருக்குக் கீழே இருபத்தைந்து பேர். பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஆங்கிள், சேனல், போல்ட், வெல்டிங் ஆகியவை எல்லோருக்கும் பொது. மற்றதெல்லாம் இந்தியும் கையசைவும். வாட்டம், தூக்குக்குண்டு, திமிசு எதுவும் அங்கே யாருக்கும் தெரியாது. ‘உங்க சொல்லெல்லாம் எங்கப்பா காலத்தோட சரிங்கய்யா’ என்றார் ஒருமுறை, வருத்தமில்லாமல். தொழிலாளியின் நாவில் தமிழ் வாழ்கிறது என்று இத்தனை நேரம் எழுதிய எனக்கு அதற்குச் சொல்ல விடையில்லை.

ஆனாலும் அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். நான்கு பத்தி: தமிழ், ஆங்கிலம், இந்தி, கடைசியில் கோட்டுப்படம். உயரத்தில் நிற்பவனிடம் ‘அதை விடாதே’ என்று சொல்ல வேண்டி வரும்போது ‘அது’ எது என்பதில் ஐயம் இருக்கக்கூடாதல்லவா, அதற்காக என்றார். சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது காட்டினார். எண்பதைக் கடந்த அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். ‘ஆப்பு’ இல்லையே என்றார். அது அங்கேயே எழுதப்பட்டது. குத்துக்காலுக்கு எதிரே ஆங்கிலமும் இந்தியும் இருந்தன. மேலிருந்து தொங்குவதாக அம்புக்குறியிட்ட படமும் இருந்தது. தமிழ்ப் பத்தியில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்த தடம் மட்டும் இருந்தது.